தவழுற பிள்ளை, வாடகை வீடு, மூவாயிரம் ரூபாய்: ஹார்டுவேர் கடையில் எதை முதலில் வாங்கணும்?

திருச்சி_மாடிவீடு
பிள்ளைக்கு ஒன்பது மாசம். தவழுது, எதையாவது பிடிச்சு எழுந்து நிக்குது. முதல் மாடியில் வாடகை வீடு. வாசலைத் திறந்தா நேரா மாடிப்படி. ஹாலில் ஆறரை அடி இரும்பு பீரோ. தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ரெண்டு பிளக் பாயிண்ட். பால்கனி கிரில் நேர் கம்பிதான், ஆனா கம்பிக்கும் கம்பிக்கும் அஞ்சு இஞ்ச் இடைவெளி. கீழே தரைக்கடியில் தண்ணித் தொட்டி (சம்ப்), மேலே சும்மா தகர மூடி. ஆன்லைனில் "பேபி சேஃப்டி கிட்" பார்த்தேன். மூலைக்கு ஒட்டுற சிலிக்கான், பிளக்குக்குச் சொருகுற மூடி, கப்போர்டு லாக் எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐநூறு. அதை வாங்கலாமா, இல்ல ஹார்டுவேர் கடையிலேயே முடிச்சுக்கலாமா? மொத்த பட்ஜெட் மூவாயிரம். சுவரில் ஓட்டை போட ஓனரிடம் இன்னும் கேட்கலை.

பட்டறை63
கிட் வேண்டாம். அதில் இருக்கிறதில் பாதி மூலை ஒட்டிகள். மேசை மூலையில் இடிச்சா நெத்தி வீங்கும், ரெண்டு நாளில் வத்திடும். உயிர் போற இடம் நாலுதான்: தண்ணி, உயரம், கரண்ட், மேலே சாயுற பீரோ. முதல் ஆயிரத்தை இந்த நாலில் போடுங்க. மூலைக்கு மிச்சம் இருந்தா பார்க்கலாம்.

இன்னைக்கே செய்ய வேண்டியது பாத்ரூம் கதவு. வெளிப்பக்கம், தரையிலிருந்து அஞ்சு அடி உயரத்தில் 4 இஞ்ச் டவர் போல்ட் (தள்ளுற தாழ்ப்பாள்) ஒண்ணு. அலுமினியமே போதும். கதவு பிவிசியா இருந்தா கூட வர்ற குட்டி ஸ்க்ரூ நிக்காது, ஏன்னா உள்ளே பொந்து. 4 மி.மீ. போல்ட் நட்டு போட்டு, உள்பக்கம் வாஷர் வச்சு முறுக்குங்க. மரக்கதவுன்னா 6-ஆம் நம்பர் முக்கால் இஞ்ச் ஸ்க்ரூ. அதுக்கு முன்னாடி 2 மி.மீ. பிட்டில் வழி ஓட்டை போடணும். இல்லைன்னா பழைய மரம் பிளந்துக்கும்.

ரெண்டுபிள்ளைஅம்மா
போல்ட் போட்டாலும் யாராவது ஒருத்தர் மறந்து திறந்து வச்சிடுவாங்க. அதனால வாளியில் தண்ணி பிடிச்சு வைக்கிற பழக்கத்தை விடணும், காலி வாளியைக் கவிழ்த்து வைக்கணும். இந்த வயசுப் பிள்ளைக்குத் தலைதான் கனம். எட்டிப் பார்த்து உள்ளே விழுந்தா வாளி சாயாது, பிள்ளையால் நிமிரவும் முடியாது. வாய், மூக்கு மூழ்குற அளவு தண்ணி போதும், சத்தமே வராது. தண்ணி வராத ஊர்ன்னு சொல்லி டிரம்மில் பிடிக்கிறவங்க, மூடிமேல் அம்மிக்கல் வைக்காதீங்க, அது பிள்ளை கால்மேலேயே விழும். திருகு மூடி உள்ள டிரம்மா வாங்குங்க.

இன்னொண்ணு, பாத்ரூம், பெட்ரூம் கதவுகளின் உள்பக்கம் கீழே இருக்கிற தாழ்ப்பாளைக் கழட்டிடுங்க. ஒண்ணேகால் வயசில் பிள்ளை உள்ளே போய் அதைத் தள்ளிடும், திறக்கத் தெரியாது. நாலு ஸ்க்ரூதான். கழட்டினதை கவரில் போட்டு பரண்மேல் வச்சா வீடு காலி பண்ணும்போது திரும்ப மாட்டிக்கலாம். பெட்ரூம் பூட்டில் சாவி தொங்கினா அதையும் எடுத்திடுங்க.

வயர்மேன்_கோவை
பிளக் மூடி வாங்காதீங்க. பிள்ளை நகத்தால் நெம்பி எடுத்து வாயில் போடும், அந்த சைஸ்தான் தொண்டையில் நிக்கும். கீழே இருக்கிற பாயிண்ட் தேவையில்லைன்னா சாக்கெட்டைக் கழட்டிட்டு பிளாங்க் பிளேட் (ஓட்டையே இல்லாத மூடி) போடுங்க. மாடுலர் போர்டுக்கு ஒரு பிளாங்க் இருபது முப்பது ரூபாய். பழைய மாடல் பெட்டின்னா அந்த சைஸ் ஷீட் கடையிலேயே வெட்டித் தருவாங்க. மெயினை ஆஃப் பண்ணி, டெஸ்டர் வச்சுப் பார்த்த பிறகு தொடுங்க. வயர் முனை ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி கனெக்டர், மேலே டேப். மூணையும் சேர்த்துச் சுத்தாதீங்க.

"ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கே, பயமில்லை"ன்னு நினைக்காதீங்க. ஸ்விட்ச் ஒரு வயரை மட்டும்தான் துண்டிக்கும். வயரிங் பண்ணினவர் ஃபேஸையும் (கரண்ட் வர்ற வயர்) நியூட்ரலையும் (திரும்பிப் போற வயர்) மாத்திக் கொடுத்திருந்தா, ஸ்விட்ச் ஆஃப்ல இருந்தாலும் ஓட்டையில் கரண்ட் நிக்கும். ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு ரெண்டு ஓட்டையிலும் டெஸ்டர் வைங்க. எதிலாவது எரிஞ்சா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாத்திடணும். பாயிண்ட் அவசியம் வேணும்னா உள்ளே ஷட்டர் உள்ள சாக்கெட் போடுங்க. எர்த் பின் முதலில் உள்ளே போனாத்தான், சிலதில் ரெண்டு பின்னும் ஒண்ணா அழுத்தினாத்தான், ஓட்டை திறக்கும்.

அடுத்தது ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா உடனே லைனைத் துண்டிக்கிற ஸ்விட்ச். மெயின் போர்டில் எம்சிபி (கரண்ட் அளவுக்கு மேல் போனா விழுற ஸ்விட்ச்) இருக்கிறது வயரிங்கைக் காப்பாத்த. ஆளைக் காப்பாத்துறது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி மட்டும்தான். கடையில் 100, 300 மில்லி ஆம்பியரும் தருவாங்க. அது தீ பிடிக்காம இருக்க, பிள்ளைக்கு உதவாது. விலை ரெண்டாயிரம் பக்கம் வரும், உங்க பட்ஜெட்டில் மூணில் ரெண்டு பங்கு போயிடும். ஓனரிடம் பேசிப் பாருங்க. அவர் கொடுக்கலைன்னா நீங்களே மாட்டி, காலி பண்ணும்போது கழட்டி எடுத்துட்டுப் போகலாம்.

மாட்டினவுடனே டிரிப் ஆச்சுன்னா சாமான் பழுதுன்னு திருப்பிக் கொடுத்துடாதீங்க. வாடகை வீடுகளில் கீழ் வீட்டு நியூட்ரல், மோட்டார் நியூட்ரல் எல்லாம் உங்க வீட்டு நியூட்ரலோடு கலந்திருக்கும். போற கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் சமமா இல்லைன்னா அது டிரிப் ஆகத்தான் செய்யும். நியூட்ரலைப் பிரிக்க எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. இன்வெர்ட்டர் இருந்தா இன்னொரு விஷயம்: மெயின் போர்டில் உள்ள ஆர்சிசிபி, பேட்டரியில் ஓடும் லைனைப் பார்த்துக்காது. தாழ்வான பாயிண்ட் எதுவும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கக்கூடாது. மாசம் ஒரு தடவை டெஸ்ட் பட்டனை அமுக்குங்க, விழலைன்னா மாத்தணும்.

திருச்சி_மாடிவீடு
ஓனர் ஆர்சிசிபிக்கு ஒத்துக்கிட்டார், செலவு பாதிப் பாதி. சுவரில் நாலு ஓட்டை வரைக்கும் பரவாயில்லையாம். மாடிப்படிக்கு என்ன செய்யலாம்? பிவிசி பைப்பில் கேட் செய்றதைப் பார்த்திருக்கேன்.

குழாய்க்காரன்
தாராளமா செய்யலாம் சகோ. டி (T வடிவ இணைப்பு) மூட்டா வச்சு ஒட்டினா காசு எகிறிடும். 1 இஞ்ச் டியை டியோடு நெருக்கி ஒட்டினாத்தான் இடைவெளி அஞ்சாறு செ.மீ.க்கு வரும். மூணு அடி அகலத்துக்கு மேலயும் கீழயும் இருபதுக்கு மேல டி வேணும். அதுக்குப் பதிலா மேல், கீழ் சட்டத்துக்கு ஒன்றேகால் இஞ்ச் பைப், நடுவில் நேர் கம்பிக்கு அரை இஞ்ச் பைப். ஒன்றேகால் பைப்பின் ஒரு பக்கச் சுவரில் மட்டும் 22 மி.மீ. ஹோல்சாவில் (வட்டமா வெட்டுற டிரில் பிட்) ஓட்டை போட்டு, அரை இஞ்ச் பைப்பை அதில் இறக்கி சால்வென்ட் சிமெண்ட் (பிவிசி ஒட்டுற பசை) தடவுங்க. ஒட்டின அன்னைக்கே மாட்டாதீங்க, ஒரு நாள் முழுக்கக் காயணும். வயரிங்குக்குப் போடுற கண்டியூட் பைப் வேண்டாம், சுவர் மெல்லிசு, பிள்ளை தொங்கினா வளையும்.

பட்டறை63
சமையலறை வாசலுக்கு அது சரி. மாடிப்படி உச்சிக்கு வேண்டாம் தம்பி. பிவிசியில் கீலுக்கு அடிக்கிற ஸ்க்ரூ நாலு மாசத்தில் ஓட்டையைப் பெருசாக்கிடும். பிள்ளை நின்னு ஆட்டும்போது ஒரு நாள் கேட்டோடு படியில் போகும். ரெண்டு பக்கமும் அழுத்தி நிக்கிற ஸ்ப்ரிங் கேட்டும் படி உச்சிக்கு ஆகாது, அதே காரணம்தான்.

அங்கே போட வேண்டியது மர அரைக்கதவு. 18 மி.மீ. வாட்டர்ப்ரூஃப் பிளைவுட், பிளைவுட் கடையில் கட் பீஸா கேளுங்க. உயரம் 30 இஞ்ச். அகலம் நிலையின் உள்ளளவில் ரெண்டு பக்கமும் 4 மி.மீ. கழிச்சு. அடியில் நிலைப்படிக்கும் கதவுக்கும் இடையில் 4 செ.மீ.க்கு மேல் விடாதீங்க. குறுக்குச் சட்டம் எதுவும் உள்பக்கம் தெரியக்கூடாது. குறுக்கா எது இருந்தாலும் அது ஏணிதான். 3 இஞ்ச் கீல் ரெண்டு, 8-ஆம் நம்பர் ஒன்றேகால் இஞ்ச் ஸ்க்ரூ நிலைக்கு. பிளைவுட் பக்கம் விளிம்பில் அடிக்காதீங்க, அடுக்கு பிரிஞ்சிடும். முகப்பில் அடிங்க, அங்கே அரை இஞ்ச் ஸ்க்ரூ, இல்லைன்னா முனை மறுபக்கம் வந்துடும்.

இதில் பலபேர் தப்பு பண்றது ரெண்டு இடம். ஒண்ணு, கேட் படிப்பக்கம் திறக்கும்படி மாட்டிடுவாங்க. அது வீட்டுக்குள் பக்கம்தான் திறக்கணும். படிப்பக்கம் திறந்தா, தாழ் சரியா விழாத அன்னைக்கு பிள்ளை சாய்ஞ்சதும் கேட் கூடவே போயிடும். மெயின் கதவும் உள்ளேதானே திறக்குது, இடிக்காதான்னு கேப்பீங்க. மெயின் கதவுக்கு இடது பக்கம் கீல்னா அரைக்கதவுக்கு வலது பக்கம் வைங்க. மெயின் கதவு வந்து உட்காரும் காடியிலிருந்து (நிலையில் செதுக்கின பள்ளம்) ஒரு செ.மீ. வெளியே தள்ளி மாட்டுங்க, அப்பத்தான் கீலோட குமிழ் கதவில் இடிக்காது. ரெண்டாவது தாழ். அது படிப்பக்க முகத்தில், மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே படுக்கை வசத்தில் இருக்கணும். பெரியவங்க மேலாகக் கை விட்டுத் திறக்கலாம், பிள்ளைக்கு எட்டாது. தாழ் முனை போய் விழ நிலைமரத்தில் ஒரே ஒரு 10 மி.மீ. ஓட்டை.

ரெண்டு வயசு தாண்டி, கேட்டைப் பிடிச்சு ஏற ஆரம்பிச்சா கழட்டிடுங்க. மேலிருந்து விழுறது கேட் இல்லாம விழுறதைவிட மோசம்.

திருச்சி_மாடிவீடு
தெளிவா இருக்கு அண்ணா. பால்கனிக்குப் புறா வலை கட்டினா போதுமா?

வெல்டிங்_ராணிப்பேட்டை
புறா வலை புறாவுக்குத்தான். அதன்மேல் பிள்ளை சாயக்கூடாது. அஞ்சு இஞ்ச்ங்கிறது 12.7 செ.மீ. 10 செ.மீ.க்கு மேல் இருந்தா இந்த வயசுப் பிள்ளை உடம்பு நுழைஞ்சு தலை மாட்டும், இல்லைன்னா முழுசாவே வெளியே போயிடும். 1 இஞ்ச் கண்ணுள்ள ஜி.ஐ. வெல்டு மெஷ், மூணு அடி அகலத்தில் ரன்னிங் அடி கணக்கில் கிடைக்கும். கிரில்லின் உள்பக்கம் விரிச்சு, அரை அடிக்கு ஒரு கட்டு போடுங்க. கோழி வலை, அதாவது அறுகோணக் கண் உள்ளது, வேண்டாம். கையால் அழுத்தினாலே தொப்பை விழும்.

வெள்ளை கேபிள் டை வெயிலில் ஒரு வருஷம் தாங்காது, மொடமொடன்னு ஒடியும். கட்டுக்கம்பியை ரெட்டையா மடிச்சு, குறடால் மூணு சுத்து முறுக்கி, முனையை வெளிப்பக்கம் மடக்கி விடுங்க. மெஷ் வெட்டின ஓரமும் கையைக் கிழிக்கும். பழைய அரை இஞ்ச் ஹோஸ் பைப்பை நீளவாக்கில் கீறி, அந்த ஓரத்தில் சொருகிடுங்க. பால்கனியில் நாற்காலி, கவிழ்த்த வாளி, பூந்தொட்டி எதுவும் கிரில் பக்கத்தில் இருக்கக்கூடாது. அது இருந்தா மெஷ் போட்டும் பிரயோஜனமில்லை. ஜன்னல் ஓரக் கட்டிலும் அப்படித்தான்.

சம்ப் மூடிக்கு ஹாஸ்ப் (பூட்டு மாட்டுற பட்டை) அடிச்சுப் பூட்டுங்க. ஆனா தண்ணி லாரி வர்ற நேரம் மூடி திறந்தே கிடக்கும், ஆபத்து அப்பத்தான். மூடிக்குக் கீழே ரெண்டாவது அடுக்கா ஒரு கம்பிச் சட்டம் வைக்கணும். முக்கால் இஞ்ச் ஆங்கிளில் (எல் வடிவ இரும்பு) சட்டம், 8 மி.மீ. கம்பி 10 செ.மீ.க்கு ஒண்ணு. லாரி ஹோஸ் அந்த இடைவெளியில் இறங்கும், பிள்ளை இறங்காது. சட்டத்தை சம்ப் வாய் விளிம்பில் போல்ட் போட்டு இறுக்கணும், சும்மா வச்சா ஒரு தடவை எடுத்தவங்க திரும்ப வைக்க மாட்டாங்க. இது ஓனர் செலவு. எல்லா வீட்டுப் பிள்ளைக்கும்தான்னு சொல்லிக் கேளுங்க.

பட்டறை63
பீரோவுக்கு வர்றேன், இதில் அவசரப்படாதீங்க.

மாடிவீடு, உங்க பீரோ அடியில் முன்கால் ரெண்டுக்கும் 6 மி.மீ. பிளைவுட் துண்டு வைங்க, கொஞ்சம் சுவர்ப்பக்கம் சாயட்டும். அப்புறம் மேல் தகட்டில் 4 இஞ்ச் எல் ஆங்கிள் ரெண்டு, ஒன்றரை அடி இடைவெளியில். ஒரு கால் பீரோ தலையில், இன்னொரு கால் சுவரில் மேல்நோக்கி. ஸ்கர்ட்டிங் டைல்ஸால் பீரோ சுவரை ஒட்டாம அரை இஞ்ச் தள்ளி நின்னாலும் இந்த அமைப்பில் சமாளிச்சுக்கலாம். பீரோ தகடு மெல்லிசு, ஸ்க்ரூ அடிச்சா பிய்ச்சிட்டு வரும். 6 மி.மீ. போல்ட், உள்ளே பெரிய வாஷர், நட்டு.

சுவருக்கு 8 மி.மீ. வால் பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்க ஓட்டைக்குள் இறக்குற பிளாஸ்டிக் குழல்), நீளம் 50 மி.மீ. ஸ்க்ரூ 10-ஆம் நம்பர் ரெண்டரை இஞ்ச். 8 மி.மீ. கான்கிரீட் பிட்டில் 70 மி.மீ. ஆழம் துளைங்க. பிட்டில் அந்த அளவுக்கு ஒரு டேப் சுத்திக்கிட்டா கண்ணு தெரியாம அடிக்க வேண்டியதில்லை. முதல் 12, 15 மி.மீ. பூச்சுதான். சின்ன பிளக் அந்தப் பூச்சிலேயே நின்னுடும், இழுத்தா பூச்சோடு வரும். தூசி நிறத்தைப் பாருங்க. செவப்பா வந்தா செங்கல், நல்லது. சாம்பல் நிறத்தில் மணலாவே வந்துட்டு இருந்தா ரெண்டு கல்லுக்கு நடுவில் சாந்தில் போறீங்க, ஒன்றரை இஞ்ச் மேலே மாத்துங்க. பிட் திடீர்னு உள்ளே இறங்கினா ஹாலோ பிளாக் (உள்ளே பொந்துள்ள கல்), இந்த பிளக் நிக்காது, ஸ்ப்ரிங் டாகிள் (பொந்துக்குள் போய் இறக்கை விரியுற போல்ட்) வாங்கணும். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேல, நேர் கீழ, நேர் பக்கவாட்டில் துளைக்காதீங்க. வயர் போற பைப் அங்கேதான் போகும்.

ஓட்டையில் உள்ள தூசியை ஸ்ட்ரா வச்சு ஊதி எடுத்துட்டுத்தான் பிளக் இறக்கணும். கண்ணைத் திருப்பிக்கிட்டு ஊதுங்க. டபுள் டேப்பில் நிக்குமான்னு யாரும் கேக்க வேண்டாம், டிஸ்டெம்பர் அடிச்ச சுவரில் டேப் பெயிண்டோடு உரிஞ்சு வரும்.

செவிலி_மதுரை
குழாய்க்காரன் சொன்ன ஒன்றேகால் பைப்பில் மிச்சம் வந்தா 6 செ.மீ. துண்டு ஒண்ணு வெட்டி, ஓரத்தை உப்புத்தாளால் தேய்ச்சு வச்சுக்குங்க. வீட்டில் எந்தப் பொருள் அதற்குள் முழுசாப் போகுதோ அது தரையில் கிடக்கக்கூடாது. புளியங்கொட்டை, நிலக்கடலை, பாட்டில் மூடி, ஸ்க்ரூ, வால் பிளக், தாயக்கட்டை எல்லாம் போகும். வேலை முடிஞ்சதும் தரையைக் கூட்டிட்டு ஒரு காந்தத்தையும் ஓட்டுங்க.

பொத்தான் பேட்டரி தனி ஆபத்து. 20 மி.மீ. வட்ட பேட்டரி உணவுக்குழாயில் நின்னா ரெண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கிடும். ஸ்க்ரூ போட்ட மூடி இல்லாத பொம்மை, ரிமோட் வீட்டில் வேண்டாம்.

ஃபினாயில், ஆசிட், கொசு மருந்து ரீஃபில், மண்ணெண்ணெய், எலி பேஸ்ட், அந்துருண்டை, பூஜை கற்பூரம் எல்லாம் பரண்மேல் போகணும். கற்பூரத்தை யாரும் விஷம்னு நினைக்கிறதில்லை. ஒண்ணு ரெண்டு கட்டி தின்னாலே குழந்தைக்கு வலிப்பு வரும். எதையும் தண்ணி பாட்டிலில் ஊத்தி வைக்காதீங்க. மண்ணெண்ணெயோ ஆசிடோ குடிச்சிருந்தா வாந்தி எடுக்க வைக்காதீங்க. உப்புத்தண்ணி கொடுக்காதீங்க. 108-ஐக் கூப்பிட்டு, அந்த பாட்டிலையும் கையில் எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க.

சிங்க் அடி அலமாரிக்கு லாக் வாங்க வேண்டியதில்லை. ரெண்டு கைப்பிடியும் ஆங்கில D எழுத்து வடிவமா இருந்தா அதன் வழியா அரை இஞ்ச் பைப் துண்டைக் குறுக்கே சொருகுங்க. ரெண்டு முனையிலும் எண்ட் கேப், ஒண்ணை மட்டும் ஒட்டாம விடுங்க.

ரெண்டுபிள்ளைஅம்மா
தூளியை விட்டுட்டோம். பிள்ளை பிடிச்சு நிக்குதுன்னா தூளி காலம் முடிஞ்சது, எட்டி விழும். இன்னும் கட்டுறவங்க ஃபேன் கொக்கியில் கட்டாதீங்க. பிள்ளையை எடுத்ததும் சேலையையும் அவிழ்த்து மடிச்சு வைங்க. தொங்கவிட்ட சேலையில் மூத்த பிள்ளைங்க உக்காந்து சுத்தி விளையாடும். முறுக்கு ஏறி கழுத்தில் இறுகினா கத்தக்கூட முடியாது. ஜன்னல் திரைக் கயிறும் அதே மாதிரிதான், ஆணியில் மேலே சுத்தி வைங்க.

கதவு இடுக்கில் விரல் நசுங்காம இருக்க ஏசி ஸ்பேர் கடையில் விக்கிற கருப்பு இன்சுலேஷன் டியூப் நல்லா வேலை செய்யும். ஆறடி நீளத்தில் கிடைக்கும். நாலு இஞ்ச் துண்டா வெட்டி, ஒரு பக்கம் கீறி, கதவு விளிம்பில் மேலே அஞ்சடி உயரத்தில் மாட்டினா கதவு முழுசா அறைஞ்சு சாத்தாது. மேசை விளிம்புக்கும் அதையே போடலாம். ஆனா பிள்ளை பல்லு எட்டுற இடம்னா துணி டேப் சுத்துங்க, பிய்ச்சுத் தின்னும்.

திருச்சி_மாடிவீடு
பாத்ரூம் போல்ட், பிளாங்க் பிளேட், பால்கனி மெஷ் முடிஞ்சது. அரைக்கதவு ஞாயித்துக்கிழமை. பீரோவில் இடது ஆங்கிள் கல்லு மாதிரி நிக்குது. வலது பக்கம் ஸ்க்ரூ முறுக்கினா பிளக்கும் சேர்ந்து சுத்துது. தூசி சாம்பல் நிறத்தில்தான் வந்தது, நான் கவனிக்கலை. இன்னொரு ஓட்டை போட்டா ஓனர் கணக்கு தாண்டிடும்.

பட்டறை63
புது ஓட்டை வேண்டாம். ஸ்க்ரூவைப் பாதி முறுக்கி பிளக்கோடு சேர்த்து வெளியே இழுங்க. அதே ஓட்டையை 10 மி.மீ. பிட்டில் பெருசாக்கி, சுத்தமா ஊதி, 10 மி.மீ. பிளக் இறக்குங்க. ஸ்க்ரூவும் அந்த பிளக்குக்கு ஏத்த தடி சைஸுக்கு மாறணும், பழைய ஸ்க்ரூ பெரிய பிளக்கை விரிக்காது. ஆங்கிளில் ஓட்டை சின்னதா இருந்தா புது ஸ்க்ரூ நுழையுற அளவு இரும்பு பிட்டில் அதையும் பெருசாக்கிக்குங்க. அதுவும் சுத்தினா எம்-சீல் (காய்ஞ்சா கல்லா இறுகுற பசை) பிசைஞ்சு ஓட்டைக்குள் அடைச்சு, பிளக்கை அதிலேயே அமுக்கி, ஸ்க்ரூ கால்வாசி மட்டும் போட்டு விடுங்க. 24 மணி நேரம் கழிச்சு முழுசா முறுக்கலாம். அதுவரைக்கும் பீரோ கதவைப் பூட்டி சாவியை எடுத்திடுங்க. பிள்ளை கைப்பிடியைப் பிடிச்சு எழுந்திருக்கிறது அங்கேதான்.